பதினோரு ஓட்டைகள்

உபகாரசாமிக்குச் செடியைத் தவிர வேறொன்றும் தெரியாது. சேலத்தில் ஓடைக்கரைப் பூங்காவில் தோட்டக்காரராக எழுபத்திரண்டில் சேர்ந்தவர். பதினாறு தூங்குமூஞ்சி மரம், ஒரு சறுக்குமரம், கேட்டோரம் மாரக்காளின் கடலைக் கூடை, இவ்வளவுதான் அந்தப் பூங்கா. யாராவது புல்லில் செருப்போடு நடந்தால் தன் மார்மேல் நடந்த மாதிரி அவருக்குக் கோபம் வரும். மனைவி இன்னாசிமேரி, "அந்தப் புல்லையே கட்டியிருக்கலாம் நீங்க" என்பாள்.

ஓர் ஐப்பசியில் ஓடை பொங்கி எதிர்க்கரைக் குடிசைகளுக்குள் புகுந்தது. உடனே வெள்ளத் தடுப்பு வேலை வந்தது. ஓடையை அகலப்படுத்திக் கரைக்குக் கருங்கல் சுவர் எழுப்ப வேண்டும். இடத்துக்கு எங்கே போவது? வாயில்லாத பூங்காதான் அகப்பட்டது. பன்னிரண்டு மரம் போயிற்று. சறுக்குமரத்தைக் கழற்றி ஜல்லிக் குவியல்மேல் போட்டார்கள், அது அங்கேயே துருப்பிடித்தது. ஒரு வருஷ வேலை என்றார்கள், நாலு வருஷம் இழுத்தது. குழந்தைகள் வருவது நின்றது. மாரக்காள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நூல் அலசும் கூலிக்குப் போனாள்.

மிஞ்சியது சுவரோரம் ஒரு நீளத் துண்டு. அதையும் லாரி நிறுத்தக் கேட்டார்கள். இன்ஜினீயர் இரக்கப்பட்டு, "ஒரு வருஷம் பார்ப்போம். பச்சையா வச்சிருந்தா பூங்கா, இல்லேன்னா லாரிக்கு விட்டுருவோம்" என்றார். உபகாரசாமி பன்னீர் ரோஜாவும் கனகாம்பரமும் வைத்தார்.

சுவரின் அடியில் வரிசையாகப் பதினோரு ஓட்டை. ஓடையில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் சாயப்பட்டறைக் கழிவு அந்த ஓட்டை வழியாக வந்து மண்ணில் ஊறும். மூன்றாம் நாள் செடி கருகும். அவர் ஓடையில் இறங்கிச் சாக்கைத் திணித்துப் பார்த்தார், தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. கடைசியில் அருணகிரி மேஸ்திரியிடம் போய் நின்றார். தடுப்புச் சுவரை எழுப்பியவர் அவர்தான். அப்போது பூங்கா கேட்டுத் தூணைப் பூசிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, ஒரு பாண்டு சட்டி கலவை மிச்சமிருக்குங்களா?"

"எடுத்துக்கங்கண்ணா. பாத்திக்கு ஓரம் கட்டறதுக்குங்களா?"

"ஆமாங்க."

அரசாங்கச் சுவரில் கை வைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? மண்ணில் தேங்கும் மழைத்தண்ணீர் வெளியே வடிய விட்ட வழி அது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. பதினொன்றையும் சாக்குத் திணித்து, மேலே கலவை வைத்து, வழவழவென்று பூசினார். அந்த வருஷம் ரோஜா பூத்துத் தள்ளியது. கல்லறைத் திருநாளுக்கு இன்னாசிமேரி மடி நிறையக் கொண்டுபோனாள். லாரிப் பேச்சும் நின்றது.

எண்பத்து மூன்று கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. பூங்காவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, அது போக வழியில்லை. நாலாம் நாள் காலை வெயில் எட்டிப் பார்த்தது. ஓடையில் மிதந்து வரும் விறகைப் பொறுக்க மாரக்காள் ஓடையோரம் சுவரடியில் வந்து நின்றாள். சுவர் வயிறு தள்ளி, அப்படியே ஓடைப் பக்கம் சாய்ந்தது.

அவளை எடுக்க மத்தியானம் ஆயிற்று. கல் புரட்டியவர்களில் உபகாரசாமியும் ஒருவர். அவர் கைக்கு வந்த ஒரு துண்டில் ஓட்டையும் அடைப்பும் அப்படியே இருந்தன, சாக்கு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கும் முன்பு அதை ஓடைக்குள் உருட்டிவிட்டார். மற்ற பத்தும் ஏற்கெனவே வெள்ளத்தோடு போயிருந்தன.

மேஸ்திரி கலவையில் மணலை ஏற்றிவிட்டான் என்றார் கான்டிராக்டர். போலீஸ் அருணகிரியைக் கூட்டிப்போய் மூன்று நாள் வைத்திருந்து, கேஸ் எழுதி அனுப்பியது. அதன்பிறகு ஒரு கோழிக்கூடு கட்டக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை.

உபகாரசாமி நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை. அது கோழைத்தனம்தான், பூசி மெழுக வேண்டாம். தவக்காலத்தில் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பங்குச் சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்க. மேஸ்திரிகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

மறுநாள் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் பஸ் ஏறினார். அருணகிரி தாடியும் மீசையுமாக வாசலில் குந்தியிருந்தார். முன்னால் கொஞ்சம் மணல், கொஞ்சம் சிமெண்ட். டம்ளரால் அளந்து அளந்து கலந்துகொண்டிருந்தார்.

"வாங்கண்ணா" என்றார், நிமிராமலே. "ஒண்ணுக்கு அஞ்சு மணல்தானுங்க போட்டேன். எந்த நாள்ல கை தப்புச்சுன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், புடிபடலீங்க. ஒரு பொம்பளையக் கொன்னுபோட்டனே."

உபகாரசாமி தரையில் உட்கார்ந்தார். "கலவையில ஒண்ணும் இல்லீங்க மேஸ்திரி. ரோசா கருகுதுன்னு அந்தச் சுவத்து ஓட்டையெல்லாம் நாந்தான் அடைச்சேன். பதினொண்ணையும். அன்னிக்கு நீங்க குடுத்த கலவையிலதான்."

அருணகிரியின் கை நின்றது. அடிப்பார் என்று உபகாரசாமி தலையைக் குனிந்துகொண்டார். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மேஸ்திரி எழுந்து அவரைத் தாண்டிப் போய், கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்த மனைவியிடம் சொன்னார்.

"ஏ கந்தம்மா, என்ற கலவை சரியாத்தான் இருந்துச்சாம்."

சொல்லும்போதே அழுதுவிட்டார். அழுது முடித்து, முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "டேசனுக்குப் போலாம் வாங்க. அங்கயும் இதயே சொல்லோணும்."

"சொல்றனுங்க."

பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். ஃபேர்லேண்ட்ஸ் தாண்டியதும் மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"ரோசாவாச்சும் பூத்துச்சுங்களா?"

"பூத்துச்சுங்க" என்றார் உபகாரசாமி.