உங்கள் எல்லைக்குள் எங்கள் வீடு

தன் எல்லைக்குள் வராத விண்ணப்பத்தை உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பது அதைப் பெற்ற அலுவலகத்தின் பொறுப்பு. அரசாங்க வேலையில் இருந்தபோது நானும் அந்த விதியை வசதியாக மறந்தவன்தான்.

கடுகண்ணாவையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டபோது, இரண்டு அலுவலகங்கள் அது தங்கள் ‘ஜூரிஸ்டிக்ஷன்’, அதாவது அதிகார எல்லை, இல்லை என்று ஆங்கிலத்தில் கைவிரித்தன. மனைவி முழங்கால் வலியோடு அயல்வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள். யாருடைய ஜூரிஸ்டிக்ஷன் என்று பணிவாகக் கேட்டெழுதிய கடிதத்தோடு கண்டியிலுள்ள மேலலுவலகத்துக்குப் போனேன். அதை வாங்கிய பெண் எழுதுவினைஞர் சிரித்தார்.

“கேள்வி கேட்டா ஃபைல்ல போட்டுருவாங்க சேர். வீடு ‘வித்தின் யுவர் ஜூரிஸ்டிக்ஷன்’னு அடிச்சு எழுதுங்க. பிழைன்னா அவங்கதான் காட்டணும்.”

அங்கேயே மாற்றி எழுதினேன். அவசரத்தில் அவருக்கு நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். தண்ணீருக்கான அனுமதிக் கடிதம் தைப்பொங்கலுக்கு முதல் நாள் வந்தது.