ஆடாமல் நின்றதால் கடிபட்டேன்

எங்கள் மேஸ்திரி இதைப் படித்தால் கோபிப்பார். கோபிக்கட்டும்.

ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்பவன் நான். தோல் கட்டுகளோடு மேஸ்திரியும் நானும் ரயிலேறிச் சென்னைப் பட்டணம் போயிருந்தோம். வேலை முடிந்து கடற்கரைக்குப் போனபோது, சுண்ணாம்பால் வெடித்த பாதத்துக்குக் கடல் தண்ணீர் நல்லது என்று அவர்தான் என்னை முழங்கால் ஆழத்தில் இறக்கிவிட்டார்.

சற்று நேரத்தில் கால் சுருக்கென்றது. "இன்னாமோ கடிக்குது மேஸ்திரி" என்றேன்.

"வெடிப்புல உப்பு ஏறுது. ஆடாம நில்லு, ஆறிடும்" என்றார்.

எனக்குச் சந்தேகம்தான். வெடிப்பு இருப்பது பாதத்தில், சுருக்கென்றதோ கெண்டைக்காலில். ஆனாலும் நின்றேன். கரையேறிப் பார்த்தால் இரண்டு காலிலும் பொட்டுப் பொட்டாக ரத்தம். அரிசி அளவுப் பூச்சிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருத்தி சிரித்தாள். "நடந்துகினே இருந்தா ஒண்ணும் பண்ணாது. நின்னாத்தான் மொய்க்கும்."

மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

புண்ணோடு சுண்ணாம்பில் இறங்கினால் சதை வெந்துவிடும் என்பதால் பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. இப்போதெல்லாம் குழியில் கால் எரியும்போது "ஒண்ணுமில்ல, நில்லு" என்று யாராவது சொன்னால், சொன்னவர் கால் நனைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.