நான்கு விரற்கடை

பிறந்தது 1961 மார்ச் 4. பேருந்து நடத்துநராகப் பணியில் சேர்ந்தது 1986 ஜூன். ஓய்வு பெற்றது 2021 மார்ச் கடைசி நாள். மனைவி ஒருவர், மகன் ஒருவன், 2022 முதல் மருமகள் ஒருத்தி. குடியிருப்பு, இரண்டாவது மாடியில் ஒரு கூடம், ஒரு சமையலறை, இரண்டு அறைகள், ஒரு பால்கனி. தெருவில் அவருக்கு வழங்கிய பெயர் ‘போலாம் ரைட்’.

ஓய்வு பெற்ற மறுநாளே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஓடும் வண்டியில் நின்று பழகிய கால்கள், அசையாத வீட்டில் உட்கார மறுத்தன. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு, கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும்படி மனைவியிடம் சொல்வார். உள்ளே அவள் ஒருத்திதான் இருப்பாள்.

“உங்க ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்குங்க” என்பாள் அவள்.

பால்கனியில் செடி வைக்கச் சொன்னவளும் அவளே. காலைச் சுற்றிய பாம்பு தொட்டியைச் சுற்றிக்கொண்டு கிடக்கட்டும் என்பது அவள் கணக்கு. அவர் மிளகாயில் தொடங்கினார், கத்தரிக்குப் போனார், பிறகு மீன்கடையில் கழித்துப்போட்ட தெர்மாகோல் பெட்டிகளை வாங்கிவந்து மண் நிரப்பினார். இரண்டு வருடத்தில் பால்கனியில் பக்கவாட்டாகத்தான் நிற்க முடியும் என்றாயிற்று.

அந்தப் பால்கனிக்கு ஒரே வழி, மகனும் மருமகளும் இருந்த அறை. மருமகள் மருத்துவமனை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரு வாரம் பகல் என்றால் மறுவாரம் இரவுப்பணி. இரவுப்பணி வாரங்களில் பகலில்தான் தூங்க வேண்டும். காலையும் மாலையும் பூவாளியை நெஞ்சோடு அணைத்து, கண்ணைத் தரையில் பதித்து, “நான் இல்ல, நான் இல்ல” என்று முணுமுணுத்தபடி மாமனார் அவ்வறையைக் கடந்துபோவார். இதற்கு மேல் நாகரிகமாக ஒரு மனிதன் நடந்துகொள்ள முடியாது என்பது அவருடைய எண்ணம்.

2024-இல் முள்ளங்கி விதைத்தார். செடிக்குச் செடி நான்கு விரற்கடை இடைவெளி விட வேண்டும், நெருக்கமாக முளைத்தால் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும் என்று விதைப் பொட்டலத்தில் அச்சிட்டிருந்ததை, அச்சகத்தில் வேலை செய்யும் மகன் வாசித்துக் காட்டினான். அப்பா சிரித்தார். நாற்பது பேர் வண்டியில் எண்பது பேரை ஏற்றியவர் அவர். ஏறியவரை இறக்கிவிட்ட வழக்கம் அவருக்குக் கிடையாது. பொட்டலம் முழுவதையும் இரண்டே பெட்டிகளில் கொட்டினார். முளைத்தது எதையும் பிடுங்கவில்லை. இலைகள் தோளோடு தோள் உரசி நின்றன. பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமை.

இலை மண்டிய நாட்களில்தான் மகன் விஷயத்தைச் சொன்னான். காலைச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, தாங்கள் இருவரும் தனியாக வீடு பார்ப்பதாகச் சொன்னான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

இருப்பது ஒரே பிள்ளை. அவனும் போய்விட்டால் இந்த நான்கு சுவருக்குள் யாரோடு பேசி, யாருக்காக எழுந்து நடமாடுவது? ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

“மனசு ஒத்துப்போனா புளிய இலையில ரெண்டு பேர் படுக்கலாம்டா.”

“படுக்கலாம்” என்றாள் மனைவி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே. “குறுக்க ஒருத்தர் பூவாளியத் தூக்கிட்டு நடந்தா?”

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடம்தானே பிரச்சினை, இடத்தை உண்டாக்கிக் காட்டினால் போயிற்று என்று மனம் அலைபாய்ந்தது. மூன்று நாள் அந்த அறையைக் கண்ணாலேயே அளந்தார். அந்த வாரம் மருமகளுக்கு இரவுப்பணி. நான்காம் நாள் விடிந்ததும், மகன் அச்சகத்துக்குப் போக, மனைவி கடைக்குப் போக, மருமகள் வந்துசேருமுன் அவர் வேலையில் இறங்கினார். கட்டிலைத் திருப்பிச் சுவரோடு ஒட்டினார். அலமாரியை நகர்த்தி மூலையில் செருகினார். மருமகளின் துணிகளை மடித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். மிச்சப்பட்ட இடத்தில் ஒரு நாற்காலி போட்டார். நாற்காலி போட்டும் நடக்க வழி இருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சீட்டுப் பிடித்து வைத்தவரைப் போல வாசலில் நின்றார்.

இரவுப்பணி முடிந்து வந்த மருமகள் அறைக்குள் எட்டிப்பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள்; அலமாரியைப் பார்த்தாள்; மடித்த துணிகளை வெகுநேரம் பார்த்தாள். கூடத்தில் பாயை விரித்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள்.

அவருக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எழுந்ததும் கொடுக்க ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. காலியான அறை வழியே பால்கனிக்குப் போய் முள்ளங்கி ஒன்றைப் பிடுங்கினார். இலை முழங்கை நீளம். கீழே எலிவால் போல ஒரு வேர். அடுத்ததைப் பிடுங்கினார். அதுவும் எலிவால். பெட்டியின் இந்த ஓரம், அந்த ஓரம், நடுப்பகுதி எல்லாவற்றிலும் கை போட்டு இழுத்தார். ஒன்றிலும் கிழங்கு இல்லை. ஒன்றின் வேரை மற்றொன்று நெரித்துக்கொண்டு வந்தது. கடையிலிருந்து திரும்பிய மனைவி, காலடியில் குவிந்து கிடந்த பச்சையைப் பார்த்தாள்.

“நெருக்கி வச்சா இப்படித்தான். செடியா இருந்தா என்ன, ஆளா இருந்தா என்ன?”

“மனுசனும் முள்ளங்கியும் ஒண்ணா?” என்று சீறினார். “போடி வேலையப் பாத்துக்கிட்டு.”

அவள் போய்விட்டாள். அவர் கையிலிருந்த வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் மருமகள் எழுந்து வந்து பால்கனி வாசலில் நின்றாள். அவர் முந்திக்கொண்டார். கட்டிலைப் பழையபடி போட்டுவிடுவதாகவும், வேண்டுமானால் தாங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டு இரண்டு அறையையும் அவர்களுக்கே விட்டுவிடுவதாகவும் மூச்சுவிடாமல் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“கோவமெல்லாம் இல்ல மாமா. ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா.”

“கல்யாணமாகி வந்ததுலேருந்து இந்த ரூமுக்குள்ள ஒரு நாளும் நான் தாழ்ப்பாள் போட்டதில்ல. செடிக்குத் தண்ணி ஊத்த நீங்க வருவீங்களேன்னு.”

அவர் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தார். தினமும் இரண்டுமுறை கடந்த கதவு. அதில் தாழ்ப்பாள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பார்த்த வீடுகளில் காற்றோட்டமாக எது இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அவள் ஒரு தெருவைச் சொன்னாள். பேருந்து போகும் சாலைதான் அது.

அன்று மாலை அவர் அந்த அறைக்குள் போகவில்லை. மிளகாய்ச் செடி ஒரு நாள் காய்ந்தது. மறுநாள் மகனைக் கூப்பிட்டு, இருவருமாகப் பெட்டிகளையும் தொட்டிகளையும் மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். எப்படியும் போகத்தானே போகிறோம், இதற்கு இப்போது என்ன அவசரம் என்று மகன் மூச்சிரைத்தபடி கேட்டான். போகிறவரைக்கும் இருக்கிறீர்களே என்றார் அப்பா.

மொட்டைமாடியில் மறுபடியும் முள்ளங்கி விதைத்தார். முளைத்தது. கலைக்க வேண்டிய நாளில் பெட்டியின் முன் குந்தி, நான்கு விரலை மண்ணில் வைத்து அளந்தார். எதைப் பிடுங்குவது, எதை விடுவது? எல்லாம் உயிருள்ள நாற்று. கை கூசியது. எழுந்து ஒரு சுற்று நடந்து வந்து மீண்டும் குந்தினார். முதல் நாற்றைப் பிடுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்துகொண்டே பிடுங்கினார். பெட்டி பாதி வழுக்கையாகத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் கீழே இறங்கிவிட்டார்.

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, மகனும் மருமகளும் குடிபோனார்கள். சாமான் வண்டியில் கடைசி மூட்டையை ஏற்றியவர் அவர்தான். ஏறி உடன் வரச் சொன்னான் மகன். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அதன்பின் காலிலே சக்கரம் கட்டியதுபோல் ஆயிற்று. காலையில் சட்டையை மாட்டுவார், வாசல்வரை போவார், திரும்பி வந்து கழற்றுவார். அவர்கள் தெருவுக்குப் போகும் பேருந்து எந்த நேரத்தில் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒரு நாள் மனைவி பொறுக்காமல் சொன்னாள்.

“போகணும்னா போய்ட்டு வாங்களேன். உங்க புள்ள வீடுதானே?”

“கூப்பிடட்டும்” என்றார். மொட்டைமாடிக்கு ஏறினார், இறங்கினார், மீண்டும் ஏறினார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் மகன் வீட்டுக்குப் போனது மூன்று முறை, மூன்றும் அவர்கள் கூப்பிட்ட பிறகு.