நூற்று எழுபத்தோராம் பக்கம்

அவள் விரல்களை உடைத்தவர்கள் மூன்று பேர். மூவருமே அவளிடம் வேலைக்கு விண்ணப்பம் தட்டி வாங்கிப் போனவர்கள்தான். அதில் ஒருவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. காலை பதினொன்றேகால் மணிக்கு, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் அவள் கடையில், முப்பது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க உடைத்தார்கள். அந்த முப்பது பேரில் நான் இல்லை. நான் எங்கே இருந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் விடமாட்டேன்.

அவள் தட்டச்சுக் கடைக்காரி. பத்தடிக்கு எட்டடியில் ஓர் அறை, இரண்டு கணினி, அடிக்கடி காகிதத்தை மென்று துப்பும் ஒரு பிரிண்டர். விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் என்று, மொட்டைக் கடிதம் தவிர எல்லாம் தட்டிக் கொடுப்பாள். அவளுடைய அப்பா ஆலையில் காவலாளி. கையை ஓங்காமல் பேசத் தெரியாத மனிதர். பதினாலு வயதில் அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பிடுங்கி அதைக்கொண்டே முகத்தில் அடித்தார். மூக்குத் தண்டில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. என்ன புத்தகம் என்று யாராவது கேட்டால், "பொறுமையப் பத்தினது சார்" என்று சொல்லிச் சிரிப்பாள். அப்போது தம்பிக்கு ஐந்து வயது. அப்பா பெல்ட்டை உருவினால் அவன் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். அவனுக்கு விழ வேண்டிய அடியெல்லாம் அவளுக்கு விழுந்தது.

எங்கள் ஊரில் ஒரே மதத்துக்கு இரண்டு பிரார்த்தனைக் கூடங்கள். பெரிய கூடம், சின்னக் கூடம். சாமி ஒன்று, பாட்டு ஒன்று, பகை மட்டும் தனித்தனி. அவள் பிறந்தது பெரிய கூடத்து வீட்டில். கட்டிக்கொண்டது சின்னக் கூடத்து வெல்டரை. கல்யாணமான மறுநாள் வாசலில் ஒரு செங்கல் வந்து விழுந்தது. எந்தப் பக்கத்துச் செங்கல் என்று இருவரும் ஒரு வாரம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டார்களாம்.

நான் நூலகர். பழைய புத்தகங்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்துகிறேன். மூவாயிரம் பேர். அதில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'மூணு கேள்வி'. யார் எதைப் போட்டாலும் கீழே வந்து மூன்று கேள்வி கேட்பாள். யார் சொன்னது, எப்போது சொன்னது, சொன்னவனுக்கு அதில் என்ன லாபம். நம் முன்னோர் நிலவுக்குப் போய்வந்தார்கள் என்று ஒருவர் நாலு பக்கத்துக்கு எழுதினார். "வந்த வண்டிய எங்க நிறுத்தியிருக்காங்க?" என்று கேட்டாள். அவர் இரண்டு கூடத்தின் பெயராலும் அவளைத் திட்டிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார். இப்படித் திட்டியவர்களின் பட்டியல் நீளமானது. வீட்டுக்கு வந்து அறைவேன் என்றவர்கள்கூட உண்டு. அவள் கடை முகவரியை அனுப்பி, "மத்தியானம் ஒரு மணிக்கு மேல வாங்க, சாப்ட்டு தெம்பா இருப்பேன்" என்று எழுதுவாள்.

எங்கள் நூலக அலமாரியில் 'இரு கூடங்களின் வரலாறு' என்று ஒரு புத்தகம் இருந்தது. அச்சாகி நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஊரில் வேறு பிரதி கிடையாது. பக்கங்களை நான் படமெடுத்து அனுப்பினேன். அவள் தட்டினாள். தட்டியதை மூலத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் 'சரி' போடுவது என் வேலை. நூற்று எழுபத்தோராம் பக்கத்துக்கு நான் பேருந்தில் நின்றுகொண்டே 'சரி' போட்டேன். படிக்கவில்லை. முப்பது பக்கத்துக்கு அப்படித்தான் போட்டேன். அவள் தட்டினால் பிழை இருக்காது என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும், அதனால் போட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு வரி. 'அவ்வாண்டு பெரிய கூடத்தார், ஆற்றுக்கு அப்பால் இருந்த நாற்பது குடும்பத்தாரையும் அழித்து, அவ்விடத்தைக் கூடத்தோடு சேர்த்துக்கொண்டனர்.'

நாங்கள் புத்தகத்தைக் குழுவில் வெளியிட்ட மூன்றாம் நாள் யாரோ அந்த வரியை மட்டும் வெட்டி, சிவப்புப் பின்னணியில் படமாக்கினார்கள். முந்நூறு பக்கத்தையும் படித்தவர்கள் மொத்தம் பத்துப் பேர் இருக்கலாம். அந்த ஒற்றை வரியை ஊரே படித்தது. ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள்தான் சின்னக் கூடத்தார். எங்கள் பாட்டன் பூட்டனைக் கொன்றுவிட்டு இத்தனை வருடம் மறைத்தீர்களா என்று அவர்கள் கொதித்தார்கள். பெரிய கூடத்தாராவது மறுத்தார்களா? இல்லை. ஆமாம், அழித்தோம், இப்போதும் முடியும் என்று அதே படத்தைத் தங்கள் முகப்பில் வைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை, பெரிய கூடத்துத் தண்ணீர் வண்டிக்காரரை நாலு பேர் வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு, குழாயைத் திருகும் ஸ்பேனராலேயே தாடையை உடைத்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் எண்ணிக்கை சொன்னார்களாம். நாற்பது வரை எண்ண நினைத்தார்கள், பதினேழில் அவர் மயங்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை நண்பகலில் சின்னக் கூடத்தை வெளியே பூட்டிவிட்டுக் கொளுத்தினார்கள். உள்ளே கூட்டிப் பெருக்குகிறவர் இருந்தார். கதவைத் தட்டும் சத்தம் எதிர்வரிசைக் கடைகள் வரைக்கும் கேட்டது. ஒருவரும் பூட்டில் கைவைக்கவில்லை. கதவு எரிந்து விழுந்த பிறகுதான் அவரைப் பார்க்க முடிந்தது; அதை எழுத எனக்குத் தெம்பில்லை. வெள்ளிக்கிழமை ஊர்வலமாகப் போய்ப் பழிவாங்குவதாகச் சின்னக் கூடத்தார் அறிவித்தார்கள்.

புதன்கிழமை காலை அவள் எனக்குத் தொலைபேசினாள்.

"சார், மத்தவங்க போட்டதையெல்லாம் கேள்வி கேட்டேனே, நான் தட்டுனத கேக்கல. இப்பத்தான் பக்கத்துப் படத்தத் திறந்தேன். அழித்து இல்ல சார். அழைத்து."

"என்னம்மா சொல்றீங்க?"

"கூப்ட்டிருக்காங்க சார். நாப்பது குடும்பத்தையும் வாங்கன்னு கூப்ட்டுச் சேத்துக்கிட்டாங்க. அடுத்த பக்கத்துல அவங்களுக்கு வீடு கட்டிக் குடுத்த கணக்கே இருக்கு. எவனும் பக்கத்தத் திருப்பல."

கணினி வந்த பிறகு அவள் ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டும் முறைக்கு மாறியிருந்தாள். அந்த முறையில் 'அழைத்து'க்கும் 'அழித்து'க்கும் நடுவே ஒரே ஒரு விசைதான். அந்த விசை அழுந்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

"சத்தமில்லாம திருத்திடலாம்மா" என்றேன்.

"ஒரு உசுரு போயிருக்கு சார். சத்தம் போட்டுத்தான் திருத்தணும்."

குழுவில் அவளே எழுதினாள். 'தட்டியது நான். தப்பு என்னுடையது.' மூலப் பக்கத்தின் படத்தையும் போட்டாள். சரிபார்த்தது யார் என்று அவள் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. எழுத வேண்டிய இடத்தில் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். என் மேல் எனக்கே காறித் துப்பலாம்போல் இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் எண்ணூறு பதில்கள். படம் போலி என்றார்கள். புருஷனுக்காகப் புளுகுகிறாள் என்றது பெரிய கூடம். அப்பனுக்காகப் புளுகுகிறாள் என்றது சின்னக் கூடம். மை கசிந்து அப்படித் தெரிகிறது என்றார் ஒரு வரலாற்று ஆசிரியர். அவள் அவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள்: ஐகாரக் கொம்பு ழகரத்துக்கு முன்னால் நிற்கும், இகரம் அதன் தலைமேல் வளையும், மை எவ்வளவு கசிந்தாலும் பின்னால் இருப்பது முன்னால் வராது. அவர் அவளைத் தேவடியாள் என்று எழுதினார். இருநூறு பேர் அதை விரும்பினார்கள்.

தம்பி அவளுக்குத் தொலைபேசினான். பெரிய கூடத்து இளைஞர் அணியில் அவன் ஒரு பொறுப்பில் இருந்தான்.

"அக்கா, அழிச்சோம்னே இருந்துட்டுப் போகட்டும். கூப்ட்டு வீடு கட்டிக் குடுத்தோம்னா நம்மள எவன்கா மதிப்பான்?"

"தம்பி, ஒருத்தர் வெந்து செத்திருக்காரு. அந்தக் கதவப் பூட்டுனது நீயா?"

அவன் தொடர்பைத் துண்டித்துவிட்டான்.

படத்தை நம்பமாட்டார்கள், புத்தகத்தையே காட்டினால் நம்புவார்கள் என்று அவள் நினைத்தாள். கண்ணால் பார்த்தால் மனிதன் நம்பிவிடுவான் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே மூடநம்பிக்கை. வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கடையிலிருந்து நேரலையில் காட்டப்போவதாக அறிவித்தாள். பத்தரைக்கு நூலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். "நீங்களும் வாங்க சார்" என்றாள். இங்கே ஆள் இல்லை என்று சொன்னேன். நூலகத்தில் அன்று வாசகர் ஒருவர்கூட இல்லை.

ஆகவே நான் அதைக் கைப்பேசியில் பார்த்தேன். கடைக்கு நடந்து போனால் ஆறு நிமிடம். அவள் பக்கத்தைப் புரட்டி, கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருவதற்குள் மூவரும் உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் ஷட்டரை இழுக்கும் இரும்புக் கம்பியை எடுத்தான். இன்னொருவன் அவள் வலது கையை விசைப்பலகை மேல் பரப்பிப் பிடித்தான். கம்பி நாலு முறை இறங்கியது. விசைகள் தெறித்தன. பிறகு இடது கை. அவள் தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அவன் புத்தகத்தை எடுத்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கிழித்தான். கசக்கி, அவள் தாடையை ஒரு கையால் திறந்து, "தின்னுடி உன் அழைப்ப" என்று தொண்டை வரைக்கும் திணித்தான். ஆயிரத்து நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் இதயங்கள் மிதந்து ஏறின. பாதிப் பேர் அதையும் போலி என்று எழுதினார்கள்.

நான் ஓடினேன். ஆறு நிமிடத்தை மூன்றில் கடந்தேன். அந்த ஓட்டத்தால் யாருக்கும் பயனில்லை.

அன்று மாலை மூன்று மணிக்குத் தம்பி மருத்துவமனைக்கு வந்தான். போலீஸ் அவனைத் தேடிக்கொண்டிருந்தது, அவ்வளவு மும்முரமாக இல்லை. வெல்டர் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். அவன் தடுக்கவில்லை, நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. கட்டிலில் இருந்து அவள் போதும் என்று தலையை ஆட்டினாள். தொண்டை கிழிந்து குரல் காற்றாகத்தான் வந்தது.

"கிழிக்கறதுக்கு முன்னாடி பாத்தியே. படிச்சியா?"

"படிச்சேன்கா."

"என்ன இருந்துச்சு?"

அவன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அழைத்துன்னுதான் இருந்துச்சு."

"தெரிஞ்சேவா திணிச்ச?"

"ஆமாக்கா."

என் வாழ்க்கையில் நான் கேட்ட சொற்களில் அதைப்போல் என்னைப் பயமுறுத்தியது வேறில்லை. அவன் முட்டாளில்லை. படித்தான், புரிந்துகொண்டான், பிறகுதான் கிழித்தான்.

"அதப் போய் ரெண்டு கூடத்துலயும் சொல்லு" என்றாள்.

"சொன்னா என்னக் கொன்னுடுவாங்கக்கா."

அவன் அவளுடைய கட்டுப்போட்ட கையைத் தொடப் போய், எங்கே தொடுவதென்று தெரியாமல், கட்டில் கம்பியைத் தொட்டுவிட்டுப் போனான்.

சொல்லாமலே கொன்றார்கள். வெள்ளிக்கிழமை ஊர்வலம் பாலத்தைத் தாண்டியபோது அவன் எதிர்வரிசையில் முன்னால் நின்றிருந்தான். வெட்டுக் கத்திகளும் கடப்பாரைகளும் வந்தன. தண்ணீர் வண்டிக்காரருக்குப் பதினேழில் நின்றுபோன எண்ணிக்கையை அவன் மேல் முடித்தார்கள். கடைசியில் உடம்பைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துப் படமெடுத்தார்கள். அன்று மொத்தம் ஐந்து பேர் செத்தார்கள்.

சனிக்கிழமை பெரிய கூடத்தார் அவனுடைய படத்தை வெளியிட்டார்கள். நீலச் சட்டை, படிய வாரிய தலை. வேலை விண்ணப்பத்துக்காக அவள்தான் கடையில் வைத்து எடுத்த படம். கீழே, பெரிய எழுத்தில், 'நாற்பது குடும்பத்தாரையும் அழித்து' என்ற வரி. வீரர்களின் பேரன் வீரனாக மடிந்தான் என்று ஒரு சேர்க்கை.

நான் அதை அவளிடம் காட்டியிருக்கக் கூடாது. ஆனால் அவள் கேட்டாள். கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"கீழ எழுதுங்க சார். உங்க பேருல."

என்ன எழுதுவது என்று நான் கேட்கவில்லை. என் முழுப் பெயரையும் நூலக முகவரியையும் போட்டு எழுதினேன். 'இந்த வரி பிழை. மூலத்தில் இருப்பது அழைத்து. பிழையாகத் தட்டியது இவனுடைய அக்கா. படிக்காமலே சரி என்று போட்டவன் நான். இவனும் மூலத்தைப் படித்தான். படித்ததை எங்கள் எதிரில் ஒப்புக்கொண்டான்.' எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வெல்டர் எழுந்து போய் அறைக் கதவைத் தாழிட்டு, நாற்காலியை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

"இவனோட அக்கான்னு போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டிருக்கேன்மா."

"அப்ப அனுப்புங்க."