பிணத்துக்குச் சட்டை மாற்றிய கதை

புத்தகம் விற்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: விற்ற புத்தகம் திரும்பி வரும், காசு கேட்டு அல்ல, சண்டைக்கு. கடையில் நின்று கால் வீங்கிய சகோதரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் கடை பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில். முன்பக்கம் கற்பூரம், நாட்காட்டி, சாமிப்படம்; புத்தகத்துக்குப் பின்சுவர். 2009இல் ஊரில் போர் முடிந்த பிறகு தெருவில் சனம் கூடியது, புத்தகம் மட்டும் நகரவில்லை. துப்பறியும் கதை போட்டால் போகும் என்றார் முதலாளி. பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்த குற்றத்துக்காக, பிரெஞ்சில் வந்த ஒரு மெக்சிக்கோ நாவலைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கதை சின்னது. அமெரிக்க எல்லை வேலியோரம் ஒரு பிணம் கிடக்கிறது. அது யார் என்று ஒரு பொலிஸ்காரர் கடைசிப் பக்கம் வரை தேடுகிறார்.

தலை மாத்தினவன்

பிணத்தின் பையில் ஒரு பாஸ்போர்ட் இருக்கும். பொலிஸ்காரர் அதிலுள்ள பெயரை நம்பி அலைவார். அந்தப் பெயருக்குரியவன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்பது நடுவில் வரும் பெரிய திருப்பம். அந்த இடத்தைத் தமிழாக்கும்போது எனக்கே மயிர் கூச்செறிந்தது.

முதல் பிரதியை வாங்கியவர் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுபவர். மறுநாளே முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றார். இன்னொருவரின் பாஸ்போர்ட்டில் தன் படத்தை ஒட்டி விமானம் ஏறியவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்பதை நானும் முதலாளியும் யோசிக்கவே இல்லை. "அண்ணை, அது தலை மாத்தின பாஸ்போட் எண்டு முதல் பக்கத்திலையே தெரியுது. இதைக் கண்டுபிடிக்க அந்தாளுக்கு அரைவாசிப் புத்தகமோ?"

கொடுத்து வைத்தவன்

'நெஞ்சுரம் இல்லாதவர்கள் படிக்க வேண்டாம்' என்று அட்டையில் போட்டது முதலாளியின் யோசனை. கடைசிப் போர் நடந்த வன்னியிலிருந்து வந்து அதிக காலமாகாத ஓர் அம்மா ஒரு பிரதி கொண்டுபோனார். பிறகொரு நாள் கற்பூரம் வாங்க வந்தவரிடம், படிக்கப் பயமாக இருந்ததா என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர் கற்பூரப் பெட்டியைப் பைக்குள் வைத்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஒரு பிணத்துக்கு ஒரு புத்தகம் முழுக்க விசாரிக்கிறாங்கள், தம்பி. குடுத்து வைச்சவன்."

எந்தப் பெயர்?

ஒருவர் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டார். மொழிபெயர்த்தவனிடம் போய்க் கையெழுத்துக் கேட்டால் அவன் எப்படித் துள்ளுவான் என்று உங்களுக்குத் தெரியும். பேனாவைத் திறந்து, பெயர் என்ன என்றேன். ஒரு பெயர் சொன்னார். நான் முதல் எழுத்தைத் தொடுவதற்குள், வேண்டாம் என்று கையைப் பிடித்து இன்னொரு பெயர் சொன்னார். நல்ல பகல், ஆட்கள் இடித்துக்கொண்டு நிற்கிற சனிக்கிழமை. பேனாவை உயர்த்திப் பிடித்தபடி, எதைத்தான் எழுத என்றேன். "விசாவிலை இருக்கிற பேரை எழுதுங்கோ. மற்றவன் இஞ்சை வந்து சேரேல்லை."

வெள்ளைப் பொத்தான்

வசந்தியை லா சப்பலில் தெரியாதவர்கள் குறைவு. பக்கத்துப் புறநகரான பொபினியில் இருக்கிறார். கணவருக்கு இங்கே விசா மறுத்துவிட, அவர் களவாய் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பேச்சைக் கேட்டு மெக்சிக்கோ வழியாகக் கனடாவுக்குப் புறப்பட்டார். எல்லை ஊர் ஒன்றிலிருந்து "நாளைக்குத் தாண்டுறம்" என்று போன் எடுத்ததோடு சரி. வசந்தி அவருடைய படத்தைக் கடை கடையாகக் காட்டித் திரிவார். செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்து முடிக்கச் சொல்லி ஊரிலிருந்து மாமியார் வீட்டார் நெருக்கினார்கள். வசந்தி மறுத்துவிட்டார், நெற்றிப் பொட்டையும் விடவில்லை.

ஒரு நாள் புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தார், பக்கத்தில் கணவரின் படத்தை வைத்தார். புத்தகத்தில் பிணம் போட்டிருப்பது நீலக் கட்டச் சட்டை. பொத்தான்கள் கறுப்பு, ஒன்று மட்டும் வெள்ளை. படத்திலும் அதே சட்டை, அதே இடத்தில் வெள்ளைப் பொத்தான். இது கற்பனைக் கதை, எழுதியவருக்கு உங்களைத் தெரியாது, இப்படிச் சட்டை உலகத்தில் ஆயிரம் இருக்கும் என்றெல்லாம் அடுக்கினேன். பிரெஞ்சுப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். பொத்தான் அதிலும் வெள்ளைதான். வசந்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "ஆயிரம் இருக்கட்டும் அண்ணை. இந்தப் பொத்தானைத் தைச்சது நான்."

கதவடிச் சோறு

அந்தப் படத்தைப் பார்த்திருந்த பொபினிக் குடும்பம் ஒன்று புத்தகத்தையும் படித்துவிட்டது. ஒன்றும் பேசாமல் சோறும் மரக்கறியும் சமைத்துக்கொண்டுபோய் வசந்தியின் கதவடியில் வைத்தது. அடுப்பு மூட்டாத செத்த வீட்டுக்குத்தான் நம் சனம் அப்படிக் கொண்டுபோகும். அடுத்த நாள் வேறொரு வீட்டுச் சோறு வந்தது. யாரோ ஒருவர் மெக்சிக்கோவில் எழுதி, நான் லா சப்பலில் தமிழாக்கி, ஒரு மனிதனைக் கொன்று முடித்திருந்தோம்.

பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில் வசந்தி கடைக்கு வந்தார். பை கனத்தது. அழுவார் என்று பயந்தேன், அழவில்லை. "சோத்தை நான் தொடேல்லை அண்ணை. அடுத்தமுறை அச்சடிக்கேக்கை அந்தாளுக்கு வேறை சேட்டுப் போட்டுவிடுங்கோ."

இரண்டாம் பதிப்பு

மொழிபெயர்ப்பாளன் மூலத்தில் கை வைக்கலாமா என்று எனக்கு வகுப்பெடுக்க விரும்புகிறவர்கள் முதலில் வசந்திக்கு முன்னால் நின்று எடுக்கட்டும். நான் மாற்றினேன். தேத்தண்ணி குடித்தபடி என் மண்டைக்குள்ளிருந்தே ஒரு சட்டையை எடுத்தேன்: மண்ணிறம், பையோரம் கிழிந்து பச்சை நூலால் தைத்தது. அப்படியொன்றை நான் யாரிடமும் கண்டதில்லை. பொபினியில் சோறு வருவது நின்றது. வசந்தி பழையபடி பொட்டும் படமுமாகக் கடை கடையாக வந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும்.

பிறகு ஒரு மத்தியானம் பொபினிக்குப் பக்கத்துத் திரான்சியிலிருந்து ஒரு பெண் வந்தார். முன்பின் கண்டதில்லை. அவருடைய தம்பியும் அதே மெக்சிக்கோ வழியால் போனவராம், போன் நின்று கன காலமாம். இரண்டாம் பதிப்பை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். நான் என்ன சொல்லியும் விரலை எடுக்கவில்லை. "இந்தப் பச்சை நூலைப் பற்றி உங்களுக்கு ஆர் சொன்னது?"

மூன்றாம் பதிப்பு எங்கே என்று முதலாளி கத்துகிறார், நானோ வேலியோரம் கிடக்கிற அந்த மனிதனுக்கு எந்த வீட்டிலும் தைத்திராத ஒரு சட்டையை இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.