அம்மா சொல்லாத பெயர்

புதுச்சேரியில் பாகூர் பக்கத்து எங்கள் கிராமத்தில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், தெருக்கோடியில் இருந்த குளத்தைத் தூர்த்துவிட்டு அங்கே கல்யாண மண்டபம் கட்டுவது என்று அவர் முடிவு செய்தார். ஆம்பிளைகள் எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். அம்மாவுக்குத்தான் வயிறு எரிந்தது. குளம் வற்ற வற்ற எங்கள் அடிபம்பில் தண்ணீர் உப்பாகிக்கொண்டே வந்தது. பருப்பு வேகாது, டீ போட்டால் வாயில் வைக்க முடியாது. குளத்தையும் மூடிவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கப்போவது அவள்தானே, பெரியப்பாவா நடக்கப்போகிறார்? ஆனால் புருஷனின் அண்ணன் எதிரில் நின்று பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அப்பாவோ, அண்ணன் சொல்லிவிட்டால் ராத்திரியையும் பகல் என்பார்.

அந்தச் சமயத்தில்தான் காலேஜ் பிள்ளைகள் முகாம் போட வந்து இறங்கினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொண்டு, குளத்தில் இடுப்பளவு இறங்கி ஆகாயத்தாமரையை வாரி வாரிக் கரையில் போட்டார்கள். முதல் நாளே பாதிப் பேருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. எருமை இறங்குகிற இடத்தில் இதுகளுக்கு என்ன வேலை என்று ஊர் சிரித்தது. சிரித்த ஊரை அவர்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். குளமா, மண்டபமா, ஊரே கை தூக்கிச் சொல்லட்டும் என்றார்கள். சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் பொறுப்பான கொம்யூன் பஞ்சாயத்து அதிகாரியும் ஊர் சொல்கிறபடியே செய்வதாக ஒத்துக்கொண்டார். பல வருஷமாக நடக்காமல், பஞ்சாயத்துத் தேர்தல் என்பதையே மறந்துபோன ஊர் எங்களுடையது. இருந்தாலும் பெரியப்பா உடனே சம்மதித்தார். வீட்டுக்கு ஒரு ஓட்டு. வீட்டுக்கு வீடு ஒரு ஆம்பிளை, அத்தனை பேரும் அவர் ஆள். அவருக்கு என்ன கவலை?

நாளைக்குக் குழப்பம் வரக்கூடாது என்று, ஓட்டுப் போடுகிறவர் பெயரை வீட்டு வாசல் சுவரில் நீலப் பெயிண்டால் எழுதிக்கொண்டு வந்தார்கள் பிள்ளைகள். பகல் வேளை. ஆம்பிளைகள் கரும்பு வெட்டவும் கம்பெனிக்குமாகப் போயிருந்தார்கள். தெருவில் முதல் வீடு எங்களுடையது. மலையாளம் பேசுகிற மாஹேயிலிருந்து வந்து புதுச்சேரியில் படிக்கிற ஒரு அக்கா, தட்டுத்தடுமாறிய தமிழில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டாள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நெளிந்தாள். புருஷன் பெயரை வாயால் சொல்வது எங்கள் பக்கம் பழக்கமில்லை. மலைமேல் வேலோடு நிற்பவர் பெயர் என்று மட்டும் சொன்னாள். அக்கா கெட்டிக்காரி. முருகனுக்கு இருக்கிற பெயரையெல்லாம் அடுக்கினாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்றாள். நடுவில் சரியான பெயரும் வந்துபோயிற்று. அதுதான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது, உயிர் போய்விட்டது எனக்கு.

“ஏம்மா, செவுத்துல யாரு பேரு இருக்குதோ அவங்கதான் கை தூக்கணுமா?” என்று அம்மா கேட்டாள்.

அக்கா ஆமாம் என்றாள்.

“அப்ப எம்பேரையே எழுதிக்கோ. வேற இன்னா பண்றது?”

பெயிண்ட் காய்வதற்குள், உறைமோர் வாங்கி வருகிறேன் என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அம்மா பின்பக்கமாகக் கிளம்பிவிட்டாள். ஒரு வீட்டில் மோர் இல்லையாம், அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தெருக்கோடி வரைக்கும் போய் வெறும் கிண்ணத்தோடு திரும்பினாள். ஒரு தெருவில் ஒருத்தர் வீட்டிலும் மோர் இல்லாமலா போகும் என்று நான் ஆச்சரியப்பட்டேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் போன வீட்டிலெல்லாம் பெண்களுக்கு ஒரே வெட்கம். சாயங்காலம் வேலை விட்டு வந்த ஆம்பிளைகள் நடுத்தெருவில் நின்று சுவர் சுவராகப் படித்தார்கள். அத்தனையும் பெண் பெயர்.

மறுநாள் குளத்தங்கரையில் கூட்டம். பெரியப்பா முதலில் எழுந்தார். இந்தப் பெண்கள் கட்டுப்பாடானவர்கள், புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள், அதனால் வந்த தப்பு இது, அழித்துவிட்டு ஆம்பிளைகள் பெயரை எழுதுங்கள் என்றார். சொல்லும்போது பெருமை வேறு. மாஹே அக்கா எழுந்து, மாற்றலாம், ஆனால் யார் பெயர் கொடுத்தார்களோ அவர்களே வந்து மாற்றிச் சொல்லட்டும் என்றாள். அதிகாரியும் அதுதான் நியாயம் என்றார்.

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். “எழுந்து சொல்லேன்டி.”

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயய்யோ, நாலு பேரு எதுக்க அத நான் எப்டிங்க சொல்லுவேன்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெண் பிள்ளைகள் அடக்கமாக இருக்கவேண்டும் என்று ஊருக்கே புத்தி சொல்பவர் அவர். சொல்லு என்று இதற்குமேல் எப்படி அதட்டுவார்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குளம் வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முதல் கை பெரியம்மாவுடையது. பிறகு அம்மா. பிறகு வளையல் சத்தம்தான், கை எதுவென்று பார்க்க முடியவில்லை. காலேஜ் பிள்ளைகள் சேற்றுக்காலோடு ஆடினார்கள். நாங்கள் சட்டையோடு குளத்தில் குதித்தோம். குளம் இருக்கும் என்று அதிகாரி அங்கேயே அறிவித்தார். என் அம்மா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. இன்றைக்கும் அந்தக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அதற்கு மறுநாள் கேஸ் சிலிண்டர் வந்தது. ஆள் புதுசு. யார் பேரில் இருக்கிறது என்று வாசலில் நின்று கேட்டான். அம்மா அடுப்படியிலிருந்தே அப்பாவின் பெயரை இனிஷியலோடு கணீரென்று சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எனக்குச் சொல்லித் தந்தவளே அவள்தான். வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்ட அம்மா, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பா சாகப்போகிறார், இவளுக்குச் சிரிப்பு வருகிறதே என்று எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம்.