தாலிச் சரட்டில் மூன்று ஊக்கு

சித்தூரிலிருந்து புத்தூர் போகும் சாலையில் ஒரு மாங்கூழ் கம்பெனி இருக்கிறது. ஜூன், ஜூலையில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டே இடம் சொல்லிவிடலாம், வாசனை அப்படி. அங்கே காய் பொறுக்கும் பெல்ட்டில் பதினொரு வருஷமாக நின்றவள் காஞ்சனா. பெங்களூரா ரக மாங்காய் கழுவி வரும். அழுகல், அடிபட்டது, பழுக்காதது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறிய வேண்டும். புருஷன் கோவர்த்தனன் திருப்பதி அலிபிரியில் வாடகை ஜீப் ஓட்டுகிறான். மாசத்தில் பாதி நாள் வீட்டுக்கு வரமாட்டான். அதனால் வீடு இவள் வேலையை நம்பித்தான் ஓடியது.

முன்பெல்லாம் அந்தக் கம்பெனி இந்தப் பக்கத்து ஜூஸ் கம்பெனிகளுக்குத்தான் கூழ் விற்றது. அறுபது பெண்கள் பூவும் வளையலுமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு காய் பொறுக்குவார்கள். ஈ விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஒரு டன் காய்க்கு எத்தனை கிலோ கூழ் என்று முதலாளிக்கே தெரியாது. பிறகு நெதர்லாந்திலிருந்து ஆர்டர் வந்தது. அதோடு வெள்ளை அங்கி வந்தது, தலைக்குத் தொப்பி வந்தது, சுவரில் பெரிய பலகை வந்தது. எத்தனை டன் காய், எத்தனை கிலோ கூழ், எத்தனை நிமிஷம் மிஷின் நின்றது எல்லாம் தினமும் அதில் எழுதினார்கள். அறுபது பேர் முப்பத்தைந்தானார்கள். ஆனால் கூழ் முன்னைவிட அதிகமாக வந்தது.

ஏற்றுமதி செய்வதால் கம்பெனி திறமையாகிறதா, திறமையான கம்பெனிக்குத்தான் ஏற்றுமதி வாய்க்கிறதா என்று படித்தவர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். ஒரு நாள் வந்து காஞ்சனாவைக் கேட்டிருக்கலாம். முதலில் வந்தது பயம், வேகம் அதன் பின்னால் வந்தது என்று சொல்லியிருப்பாள். பலகையில் எண் குறைந்தால் யாரை வேலையிலிருந்து அனுப்புவார்கள் என்ற கணக்கு முப்பத்தைந்து பேர் வயிற்றிலும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றுக்குப் போகக்கூட யோசித்துத்தான் போவார்கள்.

புதுச் சட்டங்களில் பெண்களால் ஜீரணிக்க முடியாத ஒன்று ஊக்கு. அந்தப் பக்கத்தில் கல்யாணமான பெண் எவளும் தாலிச் சரட்டில் இரண்டு மூன்று ஊக்கு இல்லாமல் இருக்கமாட்டாள். பின்னீசு என்பார்கள். காலில் முள் தைத்தால் எடுக்க, ஜாக்கெட் கொக்கி விட்டால் மாட்ட, பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் கொடுக்க. இரும்புத் துண்டு எதுவும் உள்ளே வரக்கூடாது என்று வெளிநாட்டுக்காரன் சொன்னதிலிருந்து, வாசலில் வாச்மேன் முன்னால் வைத்த கிண்ணத்தில் ஊக்கையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரும்பைப் பிடிக்கும் காந்தம் ஒன்று வாங்கப் போகிறோம் என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக, பெல்ட் பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன் வைத்தார்கள். தப்பு நடந்தால் யார் வேண்டுமானாலும் அமுக்கி மிஷினை நிறுத்தலாமாம். மூன்று வருஷத்தில் ஒருத்தியும் அமுக்கியதில்லை. அமுக்கினால் பலகையில் எண் குறையும், அமுக்கினவள் பெயரும் தெரியும்.

ஒரு நாள் கம்பெனி பஸ் அரை மணி தாமதம். காஞ்சனா ஓட்டமாக ஓடிவந்து, சரட்டை அங்கிக்குள் தள்ளிக்கொண்டு கிண்ணத்தைத் தாண்டிப் போய்விட்டாள். பத்தரைக்கு டீ குடிக்க வெளியே வந்தபோது சரடு அங்கிக்கு வெளியே தொங்கியது. தடவிப் பார்த்தாள். இரண்டுதான் இருந்தது. அவள் எப்போதும் மூன்று போட்டிருப்பாள்.

தரையைப் பார்த்தாள், முந்தானையை உதறினாள், அங்கிப் பையைத் திருப்பினாள். பக்கத்தில் டீயை ஊதிக்கொண்டிருந்த ரத்தினம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஏழு வருஷமாகப் பெல்ட்டில் இவளுக்கு எதிரே நிற்கிறவள்.

“இன்னாடி தேடற?”

“பின்னீசுக்கா. ஒண்ணு காணோம்.”

ரத்தினம்மா டீயைக் கீழே வைத்தாள். “வாயை மூடிக்கினு இரு. பஸ்லயே விழுந்திருக்கும்.”

“பெல்ட்ல விழுந்திருந்தா?”

“விழுந்தா விழட்டும். உன்னை மட்டுமா அனுப்புவானுங்க? பாக்காம வுட்டேன்னு வாச்மேனை, எதுக்க நின்னேன்னு என்னை, எல்லாரையும் அனுப்புவானுங்க. சொல்லாதடி.”

காஞ்சனா திரும்பிப் போய் பெல்ட்டில் நின்றாள். கை காயைப் பொறுக்கியது. கண் காயைப் பார்க்கவில்லை. பெல்ட் முடிகிற இடத்தில் மிஷின் காயை அடித்துக் கூழாக்கிக்கொண்டிருந்தது. ஊக்கு அதில் போயிருந்தால் நொறுங்கித் துண்டு துண்டாகியிருக்கும். அந்தத் துண்டு டிரம்முக்குள் போகும், டிரம் கப்பலில் போகும். எந்த ஊரோ, எந்தக் குழந்தையோ, அதன் தொண்டை. வேலை போனால் என்ன செய்வது என்று நினைத்தாள். உடனே தொண்டை ஞாபகம் வந்தது. இரண்டு பயமும் மாறி மாறி அவளைப் பிடித்து உலுக்கின. அவள் கை தானாகப் போய்ப் பட்டனை அமுக்கிவிட்டது.

மிஷின் நின்றதும் வந்த அமைதி அவளை இன்னும் பயமுறுத்தியது. முப்பத்து நாலு பேரும் அவளையே பார்த்தார்கள்.

மேனேஜர் சுரேஷ்பாபு மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவள் அழுதுகொண்டே சொன்னாள். மிஷினைப் பிரித்தார்கள். சல்லடையில் நகக்கண் அளவுக்குக் கிழிசல், அதன் ஓரத்தில் நசுங்கிப் போன ஊக்கின் தலை. மீதிக் கம்பி எங்கே தேடியும் கிடைக்கவில்லை. காலையிலிருந்து நிரப்பிய நாற்பத்திரண்டு டிரம்மையும் தனியாக ஒதுக்கிக் கயிறு கட்டினார்கள்.

திட்டு விழும் என்று நடுங்கிக்கொண்டு நின்றவளை மறுநாள் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். நெதர்லாந்துக்காரனுக்கு முந்தின நாளே மெயிலில் உண்மையை எழுதிவிட்டார்களாம், அந்த டிரம்மெல்லாம் உங்களுக்கு வராது என்று. இப்படிப்பட்ட தொழிலாளி இருக்கிற இடத்தில் தைரியமாக வாங்கலாம் என்று அவன் பதில் எழுதி, அடுத்த வருஷ ஆர்டரையும் இப்போதே உறுதி செய்துவிட்டானாம். எல்லோரும் கைதட்டினார்கள். காஞ்சனாவுக்கு மூச்சு வந்தது. அன்று பகல் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

சாயந்திரம் மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார். ஒரு காகிதம், ஒரு பேனா.

“இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. மீதிக் கம்பியும் கிடைச்சிடுச்சின்னு எழுதியிருக்கு.”

“கிடைச்சிடுச்சா சார்?”

“கிடைச்ச மாதிரிதான். அந்த நாப்பத்திரண்டு டிரம்மை என்ன பண்றது? லோக்கல் ஜூஸ் கம்பெனி எடுத்துக்கறேன்றான். அவனுக்கு ஒரு பேப்பர் வேணும், அவ்ளோதான்.”

காஞ்சனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். “அது நம்ம புள்ளைங்க குடிக்கறதாச்சே சார்.”

“பர்வாலேதும்மா, ஒண்ணும் ஆவாது. அங்க இன்னொரு தரம் சலிப்பாங்க. இத்தனை வருஷமா இங்கேர்ந்துதான் போவுது, யாருக்கு என்ன ஆச்சி?”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் பயத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாளோ என்னவோ. பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள். அது உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி வைத்தாள். “என்னால முடியாது சார்.”

“சரி, வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வா.”

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. காலையில் வேலைப் பட்டியலில் பெயர் இருக்காது என்றுதான் போனாள். பெயர் இருந்தது. கயிறு கட்டிய இடத்தில் டிரம்தான் இல்லை. லாரி விடியற்காலையே போய்விட்டதாம். பெல்ட்டுக்கு அடியில் மீதிக் கம்பியைக் கண்டெடுத்தேன் என்று ஒருத்தி கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ரத்தினம்மா அன்று தலையைத் தூக்கவே இல்லை. டீ நேரத்தில் காஞ்சனா அவளருகில் போய் நின்றாள்.

“ஏங்க்கா?”

“நீ பட்டனை அமுக்கினப்போ எந்த ஊரு புள்ளைக்கோ பயந்துக்கின. நான் என் புள்ளைங்க சோத்துக்கு பயந்துக்கினேன்.” ரத்தினம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “உனக்கு சால்வை போத்துனாங்க. எனக்கு இன்னா போத்துவாங்க, சொல்லு.”

காஞ்சனாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த முகத்தில் இருந்த பயம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த பயம். மணி அடித்தது, இருவரும் பெல்ட்டுக்குப் போனார்கள்.

கம்பெனி இப்போது ஜெர்மனிக்கும் அனுப்புகிறது. காந்தம் வந்துவிட்டது. காஞ்சனா சூப்பர்வைசராகிவிட்டாள், சம்பளமும் கூடியிருக்கிறது. அந்த டிரம்மால் யாருக்காவது ஏதாவது ஆனதா என்று கேட்டால், தெரியாது. சொல்ல யாரும் வரவில்லை. கடையில் இருக்கும் பாக்கெட் எந்த டிரம்மிலிருந்து வந்தது என்று யாருக்குத்தான் தெரியும்?

ஆனால் ஒன்று சொல்கிறார்கள். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாராவது தன் குழந்தைக்கு மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்தால், காஞ்சனா எதிரே வந்து நின்றுகொள்வாளாம். அது குடிப்பதையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு மிடறும் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு. அவள் ஊர் பஸ் வந்து, ஆள் ஏற்றி, கிளம்பிப் போகும். குழந்தை கடைசி மிடறைக் குடித்து முடிக்கும்வரை அவள் நகரமாட்டாளாம்.